சரளைப் பாதையைச் சரளையாகவே விடுங்கள்

போன வாரம் ஒரு நண்பரை முதல் முறையாகச் சரளைப் பாதைக்குக் கூட்டிப் போனேன். பழைய ரயில் தடம். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் பல வருடம் ஆகிறது, இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். நாற்பது கிலோமீட்டர் ஓட்டினோம், ஒரு கார் குறுக்கே வரவில்லை, ஒரு ஹாரன் கேட்கவில்லை. திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சொன்னார், "எல்லாம் அருமை, இதுல தார் மட்டும் போட்டுட்டா இன்னும் எவ்வளவு நல்லா இருக்கும்!" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தார் போடக் கூடாது. ஒரே வரியில் சொன்னால் பிடிவாதம் போலத் தெரியும், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரயில் தடத்தில் கார் நுழையாமல் இருக்கக் கம்பம் நட்டிருப்பார்கள், சரி. ஆனால் கிராமப்புறத்தில் வண்டி இல்லாத பாதைகள் பலவற்றுக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்கள் மெதுவாகப் போய் வருவார்கள், மற்றவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ஏன் வருவதில்லை? கல் தெறிக்கும், தூசி பறக்கும், கொஞ்சம் வேகம் கூட்டினாலும் வண்டி குலுங்கும். ஆக, அந்தச் சரளைதான் அங்கே காவல் நிற்கிறது. தார் விழுந்த மறுவாரமே அது இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவில் ஒரு குறுக்கு வழி ஆகிவிடும், வழிகாட்டும் செயலி எல்லோரையும் அந்தப் பக்கம் திருப்பிவிடும், அப்புறம் நாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு பாதை தேட வேண்டியதுதான்.

இது வெறும் பயம் இல்லை, சைக்கிள்காரர்களுக்கு ஒரு முறை நடந்தே முடிந்த கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் நல்ல சாலை வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் சைக்கிள்காரர்கள்தான். 1880இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம், சேற்றிலும் பள்ளத்திலும் மாட்டிக்கொண்டு அவதிப்பட்ட விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு அதற்காக இயக்கமே நடத்தியது. சாலை வந்தது. பின்னாலேயே கார் வந்தது. கேட்டு வாங்கியவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

இத்தாலியில் டஸ்கனி பக்கம் வெள்ளைச் சாலைகள் என்று சொல்லப்படும் சுண்ணாம்புச் சரளைப் பாதைகள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரம், குன்றின் மேல் கல் வீடு என்று எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போகிறவை. அவை ஒவ்வொன்றாகத் தாருக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அதைத் தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் ஜான்கார்லோ புரோச்சி. 1997இல் கையோலே என்ற சிற்றூரில் அவர் ஒரு சைக்கிள் பயணம் தொடங்கினார். எரோய்க்கா என்று பெயர். பழைய இரும்புச் சட்டகச் சைக்கிள், கம்பளி ஜெர்சி, வெள்ளைச் சாலை. முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். பத்து வருடம் கழித்து, 2007இல், அதே பாதைகளில் தொழில்முறைப் பந்தயமும் வந்துவிட்டது, இன்று அந்தப் பந்தயத்தின் பெயரே ஸ்ட்ராதே பியாங்கே, வெள்ளைச் சாலைகள் என்றுதான் பொருள். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கிற ஒரு பாதையில் தார் ஊற்ற இனி யாருக்கும் அவ்வளவு எளிதில் கை வராது. ஒரு பாதையை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை: அதில் ஆட்கள் ஓட்ட வேண்டும், நிறைய பேர் ஓட்ட வேண்டும்.

"சரளை என்றால் பராமரிக்கவே முடியாது, ஒரு மழைக்குத் தாங்காது" என்று அடுத்த வாதம் வரும். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் தாங்காத பாதைகளைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கே சரளையே ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டார்கள். அடுத்த முறை போகும்போது குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருந்தால் அது எத்தனை முறை உருளையால் அழுத்தினாலும் நிற்காது, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும், டயரும் அதோடு சேர்ந்து வழுக்கும். உடைத்த ஜல்லி அப்படி இல்லை, அதன் முனைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். நடுநடுவே இருக்கிற இடைவெளியைக் கல் தூள் போய் நிரப்ப வேண்டும். தூள் குறைந்தால் கல் கழன்றுவிடும், கூடினால் மழையில் குழம்பாகிவிடும். இருநூறு வருடத்துக்கு முன்பே ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம் சொன்னது இதுதான்: சின்னதாக உடைத்த கல்லைப் பரப்பு, 6 அவுன்ஸுக்கு மேல், அதாவது 170 கிராமுக்கு மேல் ஒரு கல்லும் வேண்டாம், தண்ணீர் மட்டும் தேங்காமல் பார்த்துக்கொள். அந்தக் கடைசி விஷயம்தான் உயிர். பாதையின் நடு கொஞ்சம் முதுகு வளைந்த மாதிரி உயர்ந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிந்து, ஓரத்தில் வாய்க்கால் அடைக்காமல் இருந்தால் சரளை வருடக்கணக்கில் கிடக்கும். வாய்க்காலில் இலையும் மண்ணும் மூடிப் போனால் தண்ணீர் பாதையிலேயே ஓடும், ஓடி ஓடி நீளக் கோடாக அறுக்கும், அப்போதுதான் "பார்த்தீர்களா, சரளை லாயக்கில்லை" என்று தார்க்காரரைக் கூப்பிடுவார்கள். ஒரு மண்வெட்டி வேலையைச் செய்யாமல் விட்டதற்குப் பாதையையே பலி கொடுக்கிறார்கள்.

அப்புறம் இந்தப் பாதைகளுக்கு ஒரு வயசு இருக்கிறது. வாஷிங்டன் நகரத்திலிருந்து கம்பர்லேண்ட் வரை போகும் செசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய்க் கரை 297 கிலோமீட்டர். படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் நடந்த அதே கரையில்தான் இன்று சைக்கிள் போகிறது. நடுவில் பா பா சுரங்கம் என்று ஒன்று, 1850இல் திறந்தது, கிட்டத்தட்ட 950 மீட்டர், உள்ளே அறுபது லட்சத்துக்கும் மேல் செங்கல். விளக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. 1950களில் இந்தக் கால்வாயோரம் வாகனச் சாலை போடத் திட்டம் இருந்தது, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதை ஆதரித்துத் தலையங்கமே எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதற்குப் பதில் எழுதினார்: என்னோடு ஒரு முறை இந்தக் கரையில் நடந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள். 1954 மார்ச்சில் நடந்தார்கள், எட்டு நாள், முழுத் தூரம். கூட நடந்த பிறகு பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. அன்று அந்தச் சாலை வந்திருந்தால் கால்வாய்க் கரை இன்று கார் சன்னலில் ஓடி மறையும் ஒரு காட்சியாகத்தான் மிஞ்சியிருக்கும். கண்ணால் பார்ப்பது வேறு, அந்தக் கோவேறு கழுதை நடந்த வேகத்துக்குப் பக்கத்தில் நாமும் போவது வேறு.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், முட்டி வலியோடு நடக்கிற பெரியவர்கள், இவர்களுக்கு என்ன வழி? இது நியாயமான கேள்வி, இதைத் தள்ளிவிட்டுச் சரளையைப் பற்றிப் பெருமை பேசினால் அது சுயநலம். ஆனால் நன்றாக அரைத்து இறுக்கிய சுண்ணாம்புக்கல் தளம் சக்கர நாற்காலிக்கும் தாங்கும். மிசோரியில் கேட்டி டிரெயில் சுமார் 386 கிலோமீட்டர், பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை வந்து மேலே சொன்ன கால்வாய்க் கரையோடு சேரும் கிரேட் அலெகெனி பாதை 240 கிலோமீட்டர், இரண்டும் பெரும்பகுதி அப்படிப்பட்ட தளம்தான். ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றமும் பெரிதாக இருக்காது, நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏறினாலே அதிகம். ஆகவே கேட்க வேண்டியது நல்ல சரளை. அதுவும் முடியாத இடத்தில், ஊரை ஒட்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் கெட்டித் தளம் போடுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை.

நானும் ஆரம்பத்தில் சரளையைத் திட்டியவன்தான். முதல் வருடம் ஒரு வளைவில் முன்பக்க பிரேக்கை அழுத்தி, கல் உருண்டு, முழங்கை தோல் உரிந்து விழுந்திருக்கிறேன். தவறு பாதையில் இல்லை. 25 மில்லிமீட்டர் அகல டயரில் கல்லாகக் காற்றடித்துக்கொண்டு போயிருந்தேன். இப்போது 40 மில்லிமீட்டர், கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்குத்தான் காற்று. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல், கையைத் தளர்த்திப் பிடித்தால் சைக்கிள் தானே வழி பார்த்துக்கொள்கிறது. டயருக்கு அடியில் அந்த நறநற சத்தம் மாறும்போதே தெரியும், இங்கே தளம் இறுகியிருக்கிறது, இங்கே கல் கழன்று கிடக்கிறது என்று. காதால் ஓட்டப் பழகிவிட்டேன். தார்ச்சாலையில் எனக்கு இப்போது தூக்கம் வருகிறது.

இங்கிலாந்தில் ரிட்ஜ்வே என்ற பாதை மனிதர்கள் ஐயாயிரம் வருடமாக நடந்து வந்தது. அதன் ஓரத்தில் கற்காலக் கல்லறை இருக்கிறது, கொஞ்சம் தள்ளி அஃபிங்டன் மலைச்சரிவில் சுண்ணாம்பில் செதுக்கிய 110 மீட்டர் வெள்ளைக் குதிரை இருக்கிறது. அதன் மேற்குப் பாதியில் சைக்கிளும் போகலாம். அங்கே குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை கொடுத்தது 1968ஆம் வருடச் சட்டம், ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழி விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. எனக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடிக்கும். ஆள் வந்தால் மணி அடித்து, வேகம் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய் நிற்காதீர்கள், மிரண்டுவிடும்.

நண்பருக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எந்த டயர் வாங்கணும், அதைச் சொல்லு" என்றார். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். இந்த முறை ஒரு சின்ன மண்வெட்டியும் எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன், பதினேழாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வாய்க்கால் அடைத்துக் கிடந்தது.