கறுப்புக் கோடு போட்டால் ஆதார் எண் மறைந்துவிடாது

கொடைக்கானல் காட்டேஜுக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்பும்போது முதல் எட்டு இலக்கத்தின் மேல் கேலரியில் ஹைலைட்டரால் கறுப்படித்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது. ஹைலைட்டர் பேனா முழுதாக மறைக்காது. நாலு முறை இழுத்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். தபாலில் வந்த முழு ஆதார் கடிதத்தையும் படம் எடுத்திருந்தால் அதே எண் இன்னொரு இடத்திலும் இருக்கும். அதை யாரும் கவனிப்பதில்லை.

மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்து, தரவிறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' பெட்டியை டிக் செய்யுங்கள். கடைசி 4 இலக்கம் மட்டும் வரும். பிடிஎஃப் கடவுச்சொல்: பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு. மலை ஏறும் முன் வத்தலக்குண்டிலேயே தரவிறக்கிவிடுங்கள், மலைப்பாதையில் சிக்னல் போனால் ஓடிபி வராது.