பிள்ளைகள் சொல்லும் காரணங்கள்

"குழந்தைக்கு என்னங்க தெரியும், பெரியவங்களைப் பார்த்துத்தான் மத்தவங்களை ஒதுக்கக் கத்துக்குது" என்று பலர் சொல்ல அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஒதுக்குவது தப்பு என்பது குழந்தைக்கு நன்றாகவே தெரியும். அதற்குச் சாக்கு சொல்லத்தான் வளர வளரப் பழகுகிறது.

மேரிலாந்து பல்கலைக்கழக உளவியலாளர் மெலனி கில்லன் இதைப் பல வருடங்களாகப் பிள்ளைகளிடமே கேட்டு ஆராய்பவர். சார்லஸ் ஸ்டாங்கருடன் சேர்ந்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் ஒன்றாம், நான்காம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: கணக்கு கிளப்பில் ஒரு பிள்ளையைக் கறுப்பினம் என்பதற்காகச் சேர்க்காமல் விடலாமா? கூடைப்பந்து கிளப்பில் வெள்ளையினம் என்பதற்காக? ஒன்றாம் வகுப்பு உட்பட, பெரும்பாலோர் சொன்னது, கூடாது, அது நியாயமில்லை.

அடுத்து கேள்வியைச் சிக்கலாக்கினார்கள். இருப்பது ஒரே இடம், வருவது இரண்டு பேர், திறமையும் சமமில்லை. இப்போது மூத்த பிள்ளைகளிடம் "குழு நல்லா நடக்கணும்" என்ற வாதம் கூடுதலாக வந்தது. திறமை பார்ப்பதில் தவறில்லை, அது எனக்கும் புரிகிறது. ஆனால் "நம்ம குரூப்புக்கு அவன் செட் ஆக மாட்டான்" என்பதும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அங்கே திறமை பற்றிய பேச்சே கிடையாது.

2007-ல் கில்லன் குழுவினர் மதிய உணவு மேசை, ஸ்லீப்ஓவர் (நண்பர் வீட்டில் ராத்திரி தங்குவது), பள்ளி நடனம் ஆகியவற்றை வைத்துக் கேட்டார்கள். இனத்தைச் சொல்லாமல், "வீட்டில் அம்மா அப்பாவுக்குச் சங்கடம்" என்பதுபோல் சொல்லி விலக்கினால்? அதையும் தப்பு என்று கூடுதல் அழுத்தமாகச் சொன்னவர்கள் சிறுபான்மை இனப் பிள்ளைகள். அடி வாங்கும் பக்கம் இருப்பவருக்குச் சாக்கு எது என்று தெரிந்துவிடுகிறது.

இங்கே அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம்தான் எனக்கு வருத்தம். நம் பிள்ளை கேன்டீனில் தனியாக உட்கார்ந்தால் துடித்துப் போகிறோம். அதே பிள்ளை ஒரு கறுப்பின நண்பன் வீட்டில் ராத்திரி தங்கக் கேட்டால், "அவங்க பழக்கவழக்கம் வேற, நமக்குச் சரிப்படாது" என்கிறோம். இனம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. பிள்ளைக்கு ஒரு காரணத்தைத் தயாராகக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இதே குழுவினரின் 2008 ஆய்வில், வேற்றினப் பிள்ளைகளோடு அதிகம் பழகியவர்கள் இன ஒதுக்கலை இன்னும் உறுதியாகத் தப்பென்றார்கள். அதனால் பிறந்தநாளுக்குப் பட்டியல் போடும்போது யாரெல்லாம் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் காரணம் நம் வீட்டில் யாரோ சொன்னதாக இருந்தால், முதலில் அவர்களிடம் பேசுங்கள்.