60 அலகு தாண்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்

கறண்ட் பாவனையை அளந்து ஆள் வராமலே தானாக அனுப்பும் ஸ்மார்ட் மீற்றரைப் பூட்டினாலே பில் குறையும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீற்றர் அளக்கும், அவ்வளவுதான். குறைக்க வேண்டியது நாங்கள். அதற்குக் கணக்கு நேரத்துக்குக் கையில் கிடைக்க வேண்டும். இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடிவிடும். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் கிணற்றுத் தண்ணீரை மோட்டர் போட்டுத்தான் தாங்கிக்கு ஏற்றுகிறோம். கோடையில் வளவுப் பயிருக்கும் அதே மோட்டர்தான். 50 அலகு வந்ததுமே தமிழில் ஒரு குறுஞ்செய்தி வந்தால் எவ்வளவு உதவி! செயலி மட்டும் போதாது, எங்கள் அம்மம்மாவிடம் இருப்பது பட்டன் போன். மற்றது, மீற்றர் பார்க்க வருபவரிடம்தான் அம்மம்மா பில்லில் உள்ளதை விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பார். ஸ்மார்ட் மீற்றர் வந்து அந்த ஆளும் வராவிட்டால் யாரிடம் கேட்பது?