அந்த மரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடவா இல்லை?

ஒரு மரம் தன்னிடம் இருப்பதை எல்லாம் ஒரு பையனுக்குக் கொடுக்கிற கதையைச் சின்னப் பிள்ளைகள் நாடகமாக நடித்த அந்த முன்பள்ளிக் கலைவிழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருகோணமலைக் குழுக்கள் எல்லாவற்றிலும் இப்போது அதுதான் ஓடுகிறது. அந்த மரத்தைப் பெண்பிள்ளைக்கு முன்மாதிரியாகக் காட்டக் கூடாது என்று நான் அதற்குக் கீழே இரண்டு வரி எழுதினேன். "சின்னப் பிள்ளைகளின் நாடகத்திலும் குற்றம் பிடிக்கிறாள்" என்று தொடங்கி என் வளர்ப்பு வரைக்கும் போய்விட்டார்கள். சரி, இரண்டு வரியில் சொன்னது விளங்கவில்லை என்றால் விரிவாகவே சொல்கிறேன்.

நடித்த பிள்ளைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மண்ணிறச் சீலையைச் சுற்றிக்கொண்டு, பச்சைக் கடதாசி இலைகளை ஒட்டிக்கொண்டு நின்ற அந்தச் சின்ன மகள் அவ்வளவு அழகாகச் செய்தாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்கச் சிரித்தபடியே நின்றாள். கடைசியில் அவள் குனிந்து இருக்க, பொடியன் முதுகில் ஏறி இருந்தான். சபை கைதட்டியது. அதுவரைக்கும் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு மைக்கைப் பிடித்தவர் "பெண் என்றால் இந்த மரத்தைப் போல இருக்க வேண்டும், பிள்ளைகளே" என்றாரே, அங்கேதான் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதுகூட இருக்காது.

வட்ஸ்அப்பில் 'அப்பிள் மரமும் சிறுவனும்' என்று ஊர் பேர் இல்லாமல் சுற்றுகிற அதே கதைதான் இது. எழுதியவருக்குப் பெயர் இருக்கிறது. அமெரிக்கரான ஷெல் சில்வர்ஸ்டீன், படங்களையும் தானே வரைந்து 1964இல் வெளியிட்ட 'த கிவிங் ட்ரீ'. இது பெரியவர்களுக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை என்று ஒரு பதிப்பாசிரியர் முதலில் தட்டிக்கழித்த புத்தகம். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. என் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டச் சொல்லி மகள் இன்றைக்கும் மடியில் வந்து ஏறுவாள்.

ஏன் பிடிக்கிறது என்றும் எனக்குத் தெரியும். வெறும் கறுப்புக் கோடுகள், மிச்சமெல்லாம் வெள்ளை. மரம் முழுதாகப் பக்கத்துக்குள் அடங்காது. கிளை மட்டும் கையைப் போல வளைந்து பையனிடம் வரும். அவன் இலைகளைப் பொறுக்கி முடி செய்து காட்டுக்கு ராஜாவாகிறான், மரத்தோடு ஒளித்துப் பிடித்து விளையாடுகிறான். மரம் சந்தோசப்பட்டது, மரம் சந்தோசப்பட்டது என்று வந்துகொண்டே இருக்கும். நான் பக்கத்தைத் திருப்ப முதலே மகள் அந்த வரியைச் சொல்லிவிடுவாள். அன்பு இல்லாமல் இப்படி ஒரு புத்தகத்தை வரைய முடியாது. இதை நான் மறுத்ததே இல்லை.

ஆனால் அந்த மரத்துக்கு யார் என்ன செய்தார்கள்? அப்பிளை எல்லாம் ஆய்ந்து விற்கிறான். கிளைகளை வெட்டி வீடு கட்டுகிறான். அடிமரத்தையே வெட்டி வள்ளம் செய்து போய்விடுகிறான். ஒரு தரம் நன்றி சொல்லவில்லை. வேரில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவில்லை. கிழவனாகித் திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்பதும் அவன் இல்லை. தர இனி ஒன்றும் இல்லையே என்று அந்த அடிக்கட்டைதான் மன்னிப்புக் கேட்கிறது! இதையா ஐந்து வயதுப் பெண்பிள்ளைக்கு முன்மாதிரி என்கிறீர்கள்?

"எழுதியவர் அந்த நோக்கத்தில் எழுதவில்லை" என்று ஒருவர் வந்தார். சில்வர்ஸ்டீன் என்ன எழுதினார் என்று பார்த்தீர்களா? வள்ளம் போன பிறகு மரம் சந்தோசப்பட்டது என்று எழுதிவிட்டு, உண்மையில் அப்படியில்லை என்று ஒரு சின்னத் துண்டையும் சேர்த்திருக்கிறார். முழுப் புத்தகத்திலும் எனக்கு முக்கியமான இடம் அதுதான். அந்தத் துண்டு வட்ஸ்அப்பில் இல்லை, நாடகத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக 'அந்த மரம்தான் நம் பெற்றோர்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. அவர் அப்படிப் பாடம் எதுவும் எழுதவில்லை. கேட்டவர்களிடம், இது இரண்டு பேருக்கு இடையிலான உறவு, ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் எடுக்கிறார் என்றுதான் சொன்னார். ஆங்கிலப் புத்தகத்தில் அந்த மரம் 'அது' இல்லை, 'அவள்'.

இன்னொருவர் குறளோடு வந்தார். "மருந்தாகித் தப்பா மரத்தற்றால் செல்வம் பெருந்தகை யான்கண் படின்." நல்லது. முழுதாகத்தான் வாசியுங்களேன். எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்துக்கு வள்ளுவர் ஒப்பிடுவது பெருந்தகையாளனிடம் சேர்ந்த செல்வத்தை. இருப்பவன் கொடு என்கிறார். இல்லாதவளை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை. முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு வந்த பாரியின் கதையும் நம்மிடம்தானே இருக்கிறது? ஒரு கொடி வாடி நிற்பதைப் பொறுக்காத மனிதனின் கதை. அதை நாடகமாகப் போட யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால் சின்னம்மாவைத்தான் சொல்ல வேண்டும்.

என் அம்மாவின் தங்கச்சி. கிழக்கில் பெண்பிள்ளைக்குத்தான் வீடுவளவு எழுதுவது வழக்கம். அவருக்கும் சாம்பல்தீவில் ஒரு வளவு எழுதியிருந்தார்கள். அவர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்தக் காசில் அவருடைய தம்பி, என் மாமா, ஏ.எல். (உயர்தரம்) படித்தார். மாமாவை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்குக் காசு போதாமல் போனபோது அந்த வளவையும் விற்றார்கள். தம்பி உழைத்து வேறு வீடு கட்டித் தருவான் என்றார்கள். வீடு வரவில்லை. கல்யாணமும் வரவில்லை. இப்போது எங்கள் பின் அறையில் இருந்து சட்டை தைக்கிறார். கண்ணில் படலம். ஊசியில் நூல் கோர்க்க என் மகளைத்தான் கூப்பிடுவார். போன வருடம் மாமாவின் மகளுக்குக் கனடாவில் கல்யாணம். சின்னம்மா போனில் சொன்னார்: "குறை நினைக்காதை தம்பி, பிள்ளைக்கு ஒரு மோதிரம்கூட அனுப்ப வழியில்லாமப் போச்சு." நான் பக்கத்தில் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "பரவாயில்லை அக்கா" என்று பதில் வந்தது.

அப்படியானால் ஆண்கள் கொடுக்கவில்லையா, தங்கச்சிமாருக்கு வீடு கட்ட எத்தனை அண்ணன்மார் கட்டாரில் வெயிலில் நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். நிற்கிறார்கள், உண்மைதான். அவர்களுக்கும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஆனால் ஆண் என்றால் மரம் போல இரு என்று ஒரு பையனை மேடையில் நிற்க வைத்துச் சொல்வதை நான் இதுவரை கேட்கவில்லை.

புத்தகத்தைத் தடை செய்யவா சொல்கிறாய் என்று கேட்டவர்களுக்கு: இல்லை. நூறு தரம் வாசியுங்கள். வாசித்துவிட்டு அந்தப் பையன் செய்தது சரியா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மைக் பிடித்தவர் அதைக் கேட்டிருந்தால் நான் வாய் திறந்தே இருக்க மாட்டேன். கொடுப்பவளைக் கும்பிடுகிறோம், கும்பிட்டபடியே வெட்டுகிறோம். தியாகம் என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் கணக்குக் கேட்கத் தேவையில்லை. அம்மா தியாகி, அக்கா தியாகி, சின்னம்மா தியாகி. இவர்களில் ஒருத்தியிடமாவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோமா?

மாமா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டு விசயத்தை வெளியில் எழுதியதற்கு ஏசுவீர்கள், ஏசுங்கள். அடுத்த மாதம் சின்னம்மாவுக்குக் கண் ஒபரேசன். காசு கேட்கவில்லை. முடிந்தால் லீவு எடுத்து வந்து நாலு நாள் பக்கத்தில் இருங்கள். முடியாவிட்டால் அன்று காலையாவது போன் எடுங்கள். அவர் பழையபடி உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவார். அப்போது பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.