மீனங்காடி காசு இனாம் இல்லை, கடன்

மேலே ஓர் அண்ணன், “வயநாட்டு மீனங்காடி பஞ்சாயத்தில் மரத்துக்கு வருஷம் 50 ரூபாய் இனாம், கோஸ்டாரிகா மாதிரி, நம் ஏலத்தோட்டக்காரர்களும் கேட்கலாம்” என்று எழுதியிருக்கிறார். கேட்கலாம் அண்ணே, தப்பில்லை. ஆனால் அது இனாம் இல்லை, வட்டியில்லாக் கடன். பத்து வருஷம் வரை வாங்கலாம். மரத்தை வெட்டினால் திருப்பிக் கட்ட வேண்டும்.

கோஸ்டாரிகா கதையே வேறு. 1996 வனச் சட்டம் இயற்கைக் காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. 1997 முதல், காட்டைக் காக்கும் நிலக்காரர்களுக்கு ஒப்பந்தப்படி ஹெக்டேர் கணக்கில் பணம். பெரும்பகுதி எரிபொருள் வரியிலிருந்து.

அப்புறம் கார்பன் சந்தை, அதாவது காற்றில் கலக்காமல் தடுத்த கார்பனைக் கிரெடிட் கணக்கில் விற்கும் சந்தை. இடுக்கி ஏலமலையில் இருக்கும் உடும்பன்சோலையில் எங்கள் தோட்டத்துக்கு ஒருவர் வந்து, மரத்தில் எவ்வளவு கார்பன் என்று கணக்கிட ஏலத்துக்கு நிழல் தரும் பலாவை நெஞ்சுயரத்தில் டேப் சுற்றி அளந்தார். அட்டைப்பூச்சி கடித்ததுதான் மிச்சம், பாவம். ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. காட்டைக் காக்கும் திட்டத்தில், மரம் சும்மா நிற்பதற்குக் காசு கிடையாது. திட்டம் இல்லாவிட்டால் மரம் அழிந்து காற்றில் கலந்திருக்கும் டன்னுக்குத்தான் காசு. ஏலமலையில் அனுமதியில்லாமல் மரத்தை வெட்டவே முடியாதே, எதைக் காப்பாற்றினோம் என்று கணக்குக் காட்டுவது?