நடுநிலை தொடக்கம் முதலே இலட்சியமா?
அமெரிக்க இதழியல் பிறந்த நாள் முதலே நடுநிலையைத் தன் இலட்சியமாகக் கொண்டிருந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. 1791-இல் பிலிப் ஃபிரெனோ பிலடெல்பியாவில் ‘நேஷனல் கெஜட்’ இதழைத் தொடங்கியபோது, அவருக்கு வெளியுறவுத் துறையில் ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தவர் அத்துறையின் செயலராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். அந்த இதழோ ஜெஃபர்சனே அங்கம் வகித்த அரசின் நிதிக் கொள்கையையும் அதை வகுத்த நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனையும் விடாமல் தாக்கியது. இதைக் கண்டித்து ஹாமில்டன் புனைபெயரில் எழுதியதும் தம் தரப்பை ஆதரித்த ஜான் ஃபென்னோவின் இதழில்தான் என்பது வேடிக்கை. கட்சிச் சார்பை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. 1827-இல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நடத்திய முதல் செய்தித்தாளான ‘ஃபிரீடம்ஸ் ஜர்னல்’, தங்களுக்காகப் பிறர் பேசியது போதும், இனித் தங்கள் வழக்கைத் தாங்களே எடுத்துரைக்கப் போவதாகத் தன் முதல் இதழிலேயே அறிவித்தது. அங்கே வாதாடுவதே இலட்சியம், அதை நடுநிலைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், அச்சமும் சலுகையுமின்றிச் செய்தி தருவோம் என்று 1896-இல் அடால்ஃப் ஓக்ஸ் வெளியிட்ட அறிவிப்பைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். அது உயர்ந்த வாக்குறுதிதான். ஆனால் புலிட்சர், ஹெர்ஸ்ட் ஆகியோரின் பரபரப்பு இதழ்கள் நியூயார்க்கை ஆண்டுகொண்டிருந்த வேளையில், நொடித்துப்போன ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழை வாங்கிய ஓக்ஸ் தம் சரக்கை வேறுபடுத்திக் காட்டச் சொன்னதும்கூட. அமெரிக்கச் செய்தித்தாள் ஆசிரியர்கள் சங்கம் பக்கச்சார்பின்மையை எழுத்து வடிவ நெறியாக ஏற்றது 1923-இல்தான்.