உண்மை விளக்கம்: நீலகிரியின் புல்மலைகள் அழிந்த காடுகளா?

"காட்டை வெட்டியதால் மொட்டையான நீலகிரி மலைகள், ஆளுக்கொரு மரம் நடுவோம்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. மேல் நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகள் காட்டை வெட்டியதால் உருவானவை அல்ல.

1993இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான, சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவின் ஆய்வைப் பாருங்கள். நீலகிரிச் சதுப்புகளில் படிந்த கரிமண்ணின் (பாதி மட்கிய தாவரப் படிவு) கார்பன் அளவீடுகளைக் கொண்டு 20,000 ஆண்டுத் தாவர வரலாற்றைப் படித்தார்கள். அக்காலம் முழுவதும் புல் இருந்திருக்கிறது. குளிரும் வறட்சியும் கூடியபோது பரவி, ஈரம் கூடியபோது சுருங்கியிருக்கிறது.

திறந்த சரிவில் சோலை (உயர்மலைப் பசுமைக் காடு) மரம் எளிதில் வேர்பிடிக்காததற்கு முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் தரைவெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இளங்கன்றின் குருத்து கருகிவிடும். புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி இருப்பதால் மேல்தாள் கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். ஈரமும் மறைவும் உள்ள மடிப்புகளில்தான் சோலை நிற்கிறது.

திறந்த சரிவில் எளிதாக வளர்வது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம். உறைபனியைத் தாங்கும், அதன் விதைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். வரையாட்டின் மேய்ச்சல் நிலமும் குறிஞ்சிச் சரிவும் சீகை பரவியதாலும் சுருங்கின. நல்லெண்ணத்தில் வீசும் விதைப்பந்தும் இதே கேட்டைச் செய்யலாம்.

அந்தப் படம் வந்தால் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.